ஏரி காத்தலும் பொதுநிதியும்

புதுச்சேரி வட்டாரத்தின் நிலப்படத்தை முதன்முறை காண்போர் வியப்புறுவர். அது தொடர்ந்த ஒரு நிலப்பரப்பன்று. தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடப்பது. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லை அது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைம்மாறிற்று, 1962-இல் அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது, எல்லைகளோ மாறவில்லை. ஊசுடேரியின் ஒரு பகுதி புதுச்சேரியைச் சார்ந்தது. மறுபகுதி விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. நீருக்கு எல்லைக்கல் தெரியுமோ?

மாணவர்களே! ஒரு நாட்டின் எல்லாப் பகுதிகளும் ஒருங்கே செழிப்பதில்லை. நலிந்த பகுதிக்குப் பொதுப்பொருளை ஒதுக்கிச் சாலை, வாய்க்கால் முதலிய அடிப்படைகளை அமைத்துத் தருதலே வட்டார வளர்ச்சித் திட்டம் எனப்படும். ஐரோப்பிய நாடுகள் தம்மிடையே இதன்பொருட்டு 1975-இல் ஒரு நிதி நிறுவின. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம், அயல்நாட்டு உதவியாக, புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீர்செய்யவும் பொருள் வழங்கிற்று. அப்பணி 1999-இல் தொடங்கி 2008 வரை நடைபெற்றது.

ஏரிகள் ஏன் சீர்கெட்டன? பிரெஞ்சு ஆட்சியில் உழவர் தமக்குள் பொதுநிதி திரட்டி, ஏரியையும் வாய்க்காலையும் தாமே காத்து வந்தனர். அச்சங்கங்கள் நாளடைவில் மங்கின. ஏரிப்பொறுப்பு அரசுத் துறையைச் சார்ந்தது. குழாய்க் கிணறுகளும் பெருகின. தன் கொல்லையிலேயே நீர் கிடைக்கும்போது, ஊரேரியின் மதகை எவர் எண்ணுவர்? ஆனால் நிலத்தடி நீர் தாழத் தாழக் கரையோர ஊர்களில் கடலுப்பு உட்புகுந்தது. ஏரி நிறைந்தாலன்றிக் கிணறும் நிலைக்காது என்பதை ஊரார் உவர்நீரைச் சுவைத்தே உணர்ந்தனர்.

திட்டம் வகுப்போர் பலகாலும் தவறுமிடம் ஒன்றுண்டு. ஏரியை ஆழமாக வெட்டிவிட்டால் போதும் என்று கருதுவர். வரத்துக்கால் தூர்ந்திருப்பின் வெட்டிய குழியில் நீர் வந்து சேருமா? மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் நிலத்துள் ஊறிக் கிணறுகளுக்கு உதவுமேயன்றி, வயலுக்குத் தானே பாயாது. ஆதலால் முதலில் வரத்துக்கால்; அதன்பின் கரை, மதகு, கலிங்கு; ஈற்றில் பாசனக்கால். வாரிய வண்டல் வயலுக்கு உரமாகும். ஏர்பிடித்தறியாத தமிழாசிரியனாகிய நான் இதனை உழவரிடம் கேட்டே கற்றேன்.

இத்திட்டத்தின் சிறப்பு, ஊர்தோறும் ஏரிச் சங்கம் அமைத்ததாகும். பாசன நிலம் உடையோர் மட்டுமன்றி, நிலமற்றோரும் மகளிரும் அதில் இடம்பெற்றனர். ஏரியில் மீன் பிடிப்பவரும், கரையில் புல் அறுப்பவரும் அதனால் வாழ்பவரே அல்லரோ? வாகூர் மூலநாதர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளிலும் ஏரிப்பணி ஊர்ச்சபையின் கடனாகவே காணப்படுகிறது.

வெளியார் பொருளுக்கு ஓர் எல்லை உண்டு. குறித்த ஆண்டில் அது நின்றுவிடும். தூரோ ஆண்டுதோறும் சேரும். மீன், மரம் ஆகியவற்றின் வருவாய் சங்கத்தின் கையில் தங்கினால் கால்வாய்க்குக் கூலி கொடுக்கலாம். தங்காவிடில் மீண்டும் அரசை நோக்க வேண்டியதுதான்.

வாகூர் ஏரிக்கு நீர் கொணரும் பங்காரு வாய்க்காலை ஒரு நங்கை வெட்டுவித்தாள் என்பது ஊர்வழக்கு. அவ்வாய்க்கால் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிகிறது. அவ்வணைக்கட்டு இருப்பதோ தமிழ்நாட்டு மண்ணில். எனவே, வாகூர் உழவரின் நெல்லுக்கு இரண்டு அரசுகள் கூடிப் பேசியாக வேண்டும்.