அம்மம்மாவின் மூக்குப்பேணிகள்

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மம்மாவின் மூக்குப்பேணிகளையும் பித்தளைத் தாம்பாளத்தையும் அம்மா சாக்கில் கட்டிக் கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து தோண்டினோம். எல்லாம் இருந்தன, ஒரு பேணியின் மூக்கு மட்டும் நெளிந்திருந்தது. அதை மடியில் வைத்து அம்மா அழுதது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

சென்ற தைப்பொங்கலன்று அவற்றைப் பழப்புளி போட்டுத் துலக்கி மேசையில் வைத்தேன். மகள் ஒரு பேணியில் தேசிக்காய்த் தண்ணீர் வார்க்க வந்தாள். தடுத்துவிட்டேன்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளிப்புப் பட்டால் செம்பு உணவில் கரையும். குமட்டலும் வாந்தியும் வரும். அதனால்தான் சமைக்கும் பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசினார்கள். பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூசுவிக்க வேண்டும்.

பழைய பீங்கான்களை வாங்கும்போதும் கவனம் தேவை. அவற்றின் மினுக்கத்திலும் பூவேலையிலும் நச்சு ஈயம் இருக்கலாம். மயிரிழை போல வெடித்தவற்றில் உணவு வைக்காதீர்கள். பொன்கரையிட்டவற்றை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்காதீர்கள்.

அப்படியானால் பழையவை அலுமாரிக்கு மட்டும்தானா? இல்லை. தாம்பாளத்தில் வாழையிலை விரித்துப் பலகாரம் பரிமாறலாம். வெற்றிலை, வாழைப்பழம் வைக்கலாம். பேணிகளில் நான் பூ வைக்கிறேன்.

நெளிந்த மூக்கை நிமிர்த்துவிக்க மனம் வரவில்லை. வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். இப்போது மகளே அம்மம்மாவின் கதையைச் சொல்கிறாள்.