மரபணு தரும் செய்தி தீர்ப்பு அல்ல



"எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கும் வரத்தான் செய்யும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வருவது வரட்டும் என்று பரிசோதனைக்கே போகாதவர்களும் உண்டு. மரபணு ஆய்வுகள் இதைப்பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன?

பெற்றோரின் பண்புகள் ஓர் ஒழுங்கின்படியே பிள்ளைகளுக்கு வருகின்றன என்பதைப் பட்டாணிச் செடிகளைக் கொண்டு காட்டியவர், புனித அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். தம் ஆய்வை அவர் 1865ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். ஆனால் சர்க்கரை நோயும் மாரடைப்பும் பட்டாணியின் நிறத்தைப்போல ஒரே மரபணுவால் முடிவாவதில்லை. நம் உடலின் மரபுக் குறிப்பில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றில் ஆங்காங்கே காணப்படும் நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்கள், ஒவ்வொன்றும் சிறிதளவாக, நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

இவற்றைக் கண்டறியப் பல இலட்சம் பேரின் மரபணுக்களை அவர்களுடைய மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிட வேண்டும். பிரித்தானியாவின் 'யூகே பயோபேங்க்' திட்டத்தில் 2006 முதல் 2010 வரை 5 இலட்சம் பேர் தாமாக முன்வந்து இணைந்தனர். ஆனால், கண்டறிந்த மாற்றங்களில் பெரும்பாலானவை புரதம் உருவாக்கும் பகுதிகளில் இல்லை. அவை செய்யும் வேலையை அறிவது கடினம். இங்கே செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. 2025இல் அறிமுகமான 'ஆல்ஃபாஜீனோம்' ஒரே நேரத்தில் 10 இலட்சம் எழுத்துகள்வரை படித்து, ஓர் எழுத்து மாறினால் மரபணுவின் செயல்பாடு கூடுமா, குறையுமா என்று கணிக்கிறது. அது கணிப்பு மட்டுமே. ஆய்வகத்தில் சோதித்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

இன்னொரு குறையும் உண்டு. இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வழியினர். எனவே அவற்றைக் கொண்டு கணக்கிடும் நோய் வாய்ப்பு மதிப்பெண் மற்ற மக்களுக்கு அந்த அளவு பொருந்துவதில்லை. ஏறக்குறைய 10,000 இந்தியர்களின் மரபுக் குறிப்புகளை 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்த 'ஜீனோம் இந்தியா' திட்டம், இக்குறையைப் போக்கும் ஒரு தொடக்கம்.

மதிப்பெண் சரியாகவே இருந்தாலும் அது முடிவல்ல. அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. உணவைச் சீராக்கி, வாரம் 150 நிமிடம் நடந்து, எடையைக் குறைக்க முயன்ற குழுவில் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை நோயோடு தொடர்புள்ள டிசிஎஃப்7எல்2 மரபணு மாற்றத்தைக் கொண்டிருந்தவர்களும் இதனால் பயனடைந்தார்கள் என்று 2006இல் அக்குழுவினர் தெரிவித்தனர்.

நோயாளியின் சிகிச்சை குறித்த முடிவும் பொறுப்பும் மனிதரிடமே இருக்க வேண்டும், இயந்திரத்திடம் விடலாகாது என்று வத்திக்கான் 2025 சனவரியில் வெளியிட்ட ஏடு வலியுறுத்துகிறது. மரபணுவைக் காரணம் காட்டி ஒரு வரனையோ, வேலை தேடும் இளைஞரையோ, பிறக்கப்போகும் குழந்தையையோ ஒதுக்குவதும் அநீதியே.

நம் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்பதை எழுதி, அடுத்தமுறை மருத்துவரிடம் காட்டுவோம். பயந்து ஒதுங்குவதைவிட அறிந்து நடப்பது நல்லது.