மீன் தொட்டி கழுவிய கை

பையன் ஆசைப்பட்டானே என்று வாங்கிய மீன் தொட்டி. கழுவுவது என் தலையில்! ஒருநாள் உள்ளேயிருந்த கல் விரலைக் கீறிவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் சிவப்பாய் ஒரு கட்டி. "சூட்டுக் கட்டிதான், மஞ்சள் பத்துப் போடு" என்றார் மாமியார். பழுக்கவுமில்லை, அமுங்கவுமில்லை. முழங்கை வரை வரிசையாக நாலு கிளம்பிவிட்டன. குழந்தையைத் தூக்கவே பயம், ஒட்டிக்கொள்ளுமோ என்று!

இரண்டு மாதம் மருந்து மாற்றியும் பலனில்லை. கடைசியில் பார்த்த தோல் டாக்டரம்மா, "வீட்டிலே மீன் வளர்க்கிறீங்களா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது!

துளி சதை எடுத்து, அதிலிருந்த கிருமியின் மரபணுவில் ஒரு பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து, தெரிந்த கிருமிகளோடு ஒப்பிட்டார்கள். அகப்பட்டது 'மைக்கோபாக்டீரியம் மேரினம்'. காசநோய்க் கிருமிக்கு உறவு. 1926-ல் பிலடெல்பியாவில் மீன்களிடம் கண்டுபிடித்தது. இது வளர 30 டிகிரி சூடுதான் பிடிக்கும். வழக்கமான 37 டிகிரி சோதனையில் சிக்காமல் போய்விடுமாம்.

"ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது" என்றதும்தான் உயிர் வந்தது. நாலு மாதம் மாத்திரை, குணமாகிவிட்டது.

சகோதரிகளே, கையில் கீறலோடு தொட்டியில் கை விடாதீர்கள், உறை போட்டுக்கொள்ளுங்கள். ஆறாத புண்ணென்றால், வீட்டில் வளர்க்கும் மீனையும் ஆட்டையும் பூனையையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!