அன்று நடப்பில் இருந்தவர் யார்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆயினும், அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ஆகட்டும், திருச்சுழிக் கரிசல் காட்டில் மழையை நம்பி விதைக்கும் விவசாயி ஆகட்டும், சங்கத்து ஏட்டில் தம் பெயர் செவ்வனே இருந்தாலன்றி உரிய உதவியைப் பெறுதல் அரிது. ஏட்டிலிருந்து பட்டியல் எடுக்கும்போது, குறித்த காலத்தில் நடப்பில் இருந்தவர்களைப் பிழையின்றிப் பிரித்தெடுப்பது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

இது வீண் ஆராய்ச்சி அன்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், அப்போதைய முதலமைச்சர் திரு. எடப்பாடி கே. பழனிசாமி அவர்கள், கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்ற ரூ.12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். 31-1-2021 அன்று நிலுவையில் இருந்த கடனே கணக்கில் கொள்ளப்பட்டது. அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்ட 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்கு 31-3-2021 என்பது வரையறை நாள். பல்லாயிரம் குடும்பங்களின் சுமை ஒரே ஒரு தேதியைப் பற்றி நின்றது.

நான்கு கடன்களை உதாரணமாகக் கொள்வோம். முதலாவது, 10-9-2020-இல் வாங்கி 5-1-2021-இல் அடைத்தது. இரண்டாவது, 15-10-2020-இல் வாங்கி இன்னும் அடைக்காதது. மூன்றாவது, 4-2-2021-இல் வாங்கியது. நான்காவது, 20-8-2020-இல் வாங்கி 3-2-2021-இல் அடைத்தது. 31-1-2021 அன்று நிலுவையில் இருந்தவை எவை? இரண்டாவதும் நான்காவதுமே. ‘இன்று பாக்கி உண்டா?’ என்று மட்டும் கேட்டால் நான்காவது விடுபடும். மூன்றாவது தகாத இடத்தில் புகுந்துவிடவும் கூடும். கேட்க வேண்டியது இன்றைய நிலையை அன்று, அன்றைய நிலையை.

ஒரு நாளுக்குப் பதில் ஒரு காலத்தை எடுத்துக்கொள்வோம். 1-10-2024 முதல் 31-12-2024 வரை தறியில் இருந்த அங்கத்தினர் யாவர் என்று செயலாளர் அறிய விரும்புகிறார். அக்காலத்தில் சேர்ந்தவர்களை மட்டும் பொறுக்கினால், 2015-இல் சேர்ந்து இன்றளவும் நெய்துவரும் மூத்த நெசவாளர் பட்டியலிலேயே இரார். சங்கத்தைத் தாங்கி நிற்பவரே விடுபட்டால் அப்பட்டியலால் என்ன பயன்?

எனவே இரண்டு கேள்விகள் போதும். காலம் முடிவதற்குள் அவர் சேர்ந்துவிட்டாரா? காலம் தொடங்கும் முன்பே அவர் விலகிவிடாமல் இருந்தாரா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் அவர் நடப்பில் இருந்தவர். நவம்பரில் சேர்ந்தவரும், அக்டோபர் 15-இல் விலகியவரும், நவம்பர் 5-இல் சேர்ந்து 20-இல் விலகியவரும் இதில் அடங்குவர். செப்டம்பர் 30-இல் விலகியவரும், ஜனவரி 1-இல் சேர்ந்தவரும் அடங்கார். அக்டோபர் 1-ஆம் நாளே விலகியவரைச் சேர்ப்பதா, விடுவதா? எம்முறையைக் கொண்டாலும் அதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுவது நலம்.

விலகிய தேதிக்குரிய இடம் வெறுமையாக இருப்பின், ‘தொடர்கிறார்’ என்று பொருள். வெற்றிடத்தைத் தேதியோடு ஒப்பிடச் சொன்னால், கணிப்பொறி அவரை ஓசையின்றித் தள்ளிவிடும். ஆகையால் ‘வெறுமையாக இருப்பினும் சேர்த்துக்கொள்’ என்று தனியே கட்டளையிடல் வேண்டும். ஆனால் வெற்றிடம் எழுத்தரின் மறதியாகவும் இருக்கலாம். காலமானவர்கள் ஏட்டில் மட்டும் நடப்பில் இருப்பது இவ்வாறுதான். நீண்ட நாள் பாவு வாங்காத, கூலி பெறாத அங்கத்தினர் பெயரைக் கூலிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதே இதற்கு மருந்து. விலகி மீண்டும் சேர்ந்தவருக்குப் பழைய வரியை அழிக்காமல் புதுவரி எழுத வேண்டும். எண்ணும்போது வரிகளை எண்ணாமல் ஆட்களை எண்ண வேண்டும்.

ஆண்டு என்ற சொல்லிலும் கவனம் தேவை. சங்கத்துக் கணக்காண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. அடங்கலுக்குரிய பசலி ஆண்டோ ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. பசலி 1434 என்பது 1-7-2024 முதல் 30-6-2025 வரை. ஐப்பசி மழைக்கு விதைத்து, பங்குனி கடந்தும் எடுக்கும் மானாவாரிப் பருத்தி, ஒரே பசலிக்குள் அடங்கினும் இரண்டு கணக்காண்டுகளில் கால் வைக்கிறது. விதைத்த தேதியை மட்டும் பார்த்தால், மறு கணக்காண்டில் அக்காடு வெறுங்காடாகத் தோன்றும்.

63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ரூ.2,516 கோடிச் செலவில் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பேரேடு திரைக்கு மாறும் காலம் இது. 4-2-2021 என்பதை ஏப்ரல் 2 என்று படித்துவிடும் கணிப்பொறியும் உண்டு. நாள் முதலிலா, மாதம் முதலிலா என்பதைத் தொடக்கத்திலேயே உறுதி செய்க.

பழைய எழுத்தர் ஊராரை முகம் அறிந்தவர். ஏடு பிழைத்தாலும் அவர் நினைவு திருத்தும். கணிப்பொறிக்கு முகம் தெரியாது; தேதிகளே தெரியும். ஆகவே அங்கத்தினரும் சும்மா இருத்தலாகாது. சேர்ந்த நாள், கடன் வாங்கிய நாள், அடைத்த நாள் ஆகியவற்றைத் தம் பாஸ் புத்தகத்தோடு ஆண்டுக்கொரு முறையேனும் ஒத்துப் பார்த்து, பிழை இருப்பின் எழுத்து மூலம் திருத்தம் கோருவாராக. பட்டியல் கேட்டு ஆணை வந்தபின் தேடுவதைவிட, வருமுன் திருத்துவதே எளிது.