கேபினெட்டோடு ‘ஃப்ரீ’யாக வரும் பவர் சப்ளை... நம்பலாமா?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பீங்கான். பொம்மை, அகல் விளக்கு மட்டுமல்ல. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே, அந்த ஃபியூஸ் கேரியருக்கும் பெயர் பெற்ற ஊர் இது. லோடு எல்லை மீறினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். போவது ஒரு துண்டு கம்பி, பிழைப்பது வீடு.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குள் இதே காவல் வேலையையும் சேர்த்துச் செய்வதுதான் பவர் சப்ளை. கடைகளில் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்பார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றி, மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் என எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது இதுதான்.

பிள்ளையின் காலேஜ் படிப்புக்காகச் சேர்த்துவைத்த பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கும்போது, பிராசஸருக்கும் ரேமுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறோம். ‘எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடயே வந்துடும்’ என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். அந்த மலிவுப் பெட்டி மோசமாகப் பழுதானால், தான் மட்டும் போகாது. மதர்போர்டையும், ப்ராஜெக்ட் ஃபைல்களும் குடும்ப போட்டோக்களும் இருக்கும் டிஸ்க்கையும் கூடவே கொண்டுபோய்விடலாம்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

பெட்டி மேல் பெரிதாக ‘450 வாட்ஸ்’ என்று இருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன.

அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால், 16-ஐ 12-ஆல் பெருக்குங்கள்; 192 வாட்ஸ்தான். 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட்ஸ். இரண்டின் முகப்பிலும் ‘450’ என்றே அச்சாகியிருக்கலாம். உண்மையைச் சொல்வது சின்ன எழுத்துதான்.

அடுத்து, ஓவர் வோல்டேஜ், ஓவர் லோடு, ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று சிலர் தடிமனான கம்பியைச் சுற்றிவிடுவார்கள். பிறகு ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அப்படித்தான்.

எத்தனை வாட்ஸ் போதும்?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் படிப்பு, டைப்பிங், கணக்கு வேலைக்கான கம்ப்யூட்டருக்கு நல்ல கம்பெனியின் 400 - 450 வாட்ஸ் தாராளம். கேம், வீடியோ எடிட்டிங்குக்காக கார்டு போடுவதானால், கார்டு தயாரிப்பாளர் சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள். உதாரணமாக, ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 550 வாட்ஸும், 4070 கார்டுக்கு 650 வாட்ஸும் பரிந்துரைக்கிறது என்விடியா.

‘650 வாட்ஸ் போட்டால் கரன்ட் பில் எகிறுமே’ என்ற பயம் வேண்டாம். 650 என்பது அதனால் தர முடிந்த அளவு. கம்ப்யூட்டர் கேட்பதை மட்டுமே அது தரும்.

பில்லில் தெரியும் வித்தியாசம்

பில்லைக் கூட்டுவது வீணாகும் மின்சாரம்தான். எஸ்.எம்.பி.எஸ். இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. கம்ப்யூட்டருக்குத் தேவை 150 வாட்ஸ் என்றால், 70 சதவிகிதத் திறன் உள்ளது சுமார் 214 வாட்ஸ் இழுக்கும். 85 சதவிகிதத் திறன் உள்ளதற்கு 176 போதும். தினமும் ஆறு மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 14 யூனிட் மிச்சம்.

இந்தத் திறனைக் காட்டுவதுதான் 2004-ல் தொடங்கிய ‘80 ப்ளஸ்’ முத்திரை. வீட்டு உபயோகத்துக்கு ‘பிரான்ஸ்’ தரம் நல்ல தேர்வு. ஆனால், இது திறனுக்கான முத்திரை மட்டுமே. மூன்று அல்லது ஐந்து வருட வாரன்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா?

கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. பல எஸ்.எம்.பி.எஸ்.களின் உள்ளே நீல நிறத்தில் வட்டமான பீங்கான் கெபாசிட்டர்கள் இருக்கும். மின் இரைச்சலை எர்த் வழியே வெளியேற்றுவது அவற்றின் வேலை. வீட்டில் எர்த் சரியில்லை என்றால், அந்தச் சிறு மின்கசிவு கேபினெட்டிலேயே தங்கி, தொடும் கையைத் தேடும். உடனே எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். பிளக்கின் மூன்றாவது பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை வீட்டில் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான வோல்டேஜ் தேங்கியிருக்கலாம்.

யு.பி.எஸ். வாங்கும்போது

‘600 வி.ஏ.’ என்றால் 600 வாட்ஸ் அல்ல. பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டையும் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். கரன்ட் போனதும் ஃபைலை சேவ் செய்து, முறைப்படி ஷட் டவுன் செய்ய சில நிமிடங்கள் கிடைத்தால் போதும்.

அடுத்த முறை கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போது, ‘எத்தனை ஜி.பி. ரேம்?’ என்பதோடு, ‘12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?’ என்றும் கேளுங்கள். கடைக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். பிறகு, உள்ளேயிருந்து நல்ல பெட்டியை எடுத்துவருவார்!