அருவியே தீர்த்தமாகும் திற்பரப்பு

வள்ளியாறு கடலில் கலக்கும் கடியப்பட்டணத்திலிருந்து வடக்கே திங்கள்நகர், தக்கலை, குலசேகரம் வழியாகச் சென்றால் திற்பரப்பை அடையலாம். குலசேகரம் தாண்டியதும் ரப்பர்த் தோட்டங்களின் நிழல் நம்மை வரவேற்கும். மலைக்காடுகளில் பிறந்த கோதையாறு, இங்கே அகன்ற பாறையில் பரந்து வந்து, ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து அருவியாக வீழ்கிறது. ஆண்டில் சுமார் 7 மாதங்கள் நீர்வரத்து உண்டு.

ஆற்றங்கரையிலேயே, கோட்டை போன்ற மதிலுக்குள் மகாதேவர் எழுந்தருளியுள்ளார். தட்சனின் வேள்வியை அழித்த வீரபத்திர மூர்த்தியாக இவரை வழிபடுவது மரபு. மகா சிவராத்திரியில் நிகழும் சிவாலய ஓட்டத்தின் 12 தலங்களுள் இது மூன்றாவது. திருமலை, திக்குறிச்சி ஆகிய தலங்களைத் தொழுது, கையில் விசிறியுடன் 'கோவிந்தா, கோபாலா' என முழங்கி வரும் அடியார்கள், இங்கே நீராடி இறைவனைத் தரிசித்த பின்னரே திருநந்திக்கரை நோக்கி விரைகின்றனர்.

ஓட இயலாத முதியோர், கூட்டமில்லாத நாளில் காலையிலேயே சென்று, ஆற்றங்கரையில் நிதானமாக நடந்து தரிசிக்கலாம். வெள்ளம் பெருகினால் அருவியில் குளிக்கத் தடை விதிப்பார்கள். அதை மீறுதல் கூடாது. யாத்திரை குறைபட்டதே என்று வருந்தவும் வேண்டாம். தூய நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் புரோட்சணமும் சாத்திரம் ஏற்ற தூய்மையே.

இந்நீர் குழித்துறை வழியாகச் சென்று தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகிறது. வழிநெடுக மக்கள் அதை நம்பி வாழ்கின்றனர். எனவே சோப்பு, எண்ணெய், பழந்துணி எதனையும் அருவியில் விடாதிருப்பதும் சிவபூசையே ஆகும்.