சித்திர உபாத்தியாயரும் தேசத்தின் கைத்தொழிலும்

நம் நாட்டு இளைஞர்களுக்கு வடிவமைப்புக் கல்வி அவசியம் என்று அறிக்கைகளும் தொழிற்சபைகளும் ஓயாமல் கூறி வருகின்றன. மத்திய சர்க்கார் 2007-ஆம் ஆண்டிலேயே தேசிய வடிவமைப்புக் கொள்கை ஒன்றை அங்கீகரித்தது. இவையெல்லாம் வரவேற்கத் தக்கவையே. ஆயினும் அக்கல்விக்கு முதல் வாசலாக நிற்பவர் பள்ளிக்கூடத்துச் சித்திர உபாத்தியாயர் அல்லவா? அவர் நிலையைக் கவனிப்பார் இல்லை. வாசலை அடைத்துவிட்டு மாளிகைக்கு மேல்மாடி எழுப்புவதால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறோம்.

வடிவமைப்பு என்பது செல்வர் வீட்டு அலங்காரத்துக்கு உரிய வித்தை என்று நம்மவரில் பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. 1929-ஆம் ஆண்டில் அகில பாரத சர்க்கா சங்கம், சிறந்த கைராட்டினம் ஒன்றைச் செய்து தருவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அளிப்பதாக விளம்பரம் செய்தது. குடிசையில் வைத்து இயக்கத் தக்கதாய் அது இருத்தல் வேண்டும்; ஒரு ஸ்திரீ அதிகச் சிரமமின்றி எட்டு மணி நேரம் தொடர்ந்து நூற்கத் தக்கதாய் இருத்தல் வேண்டும்; விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பன அதன் நிபந்தனைகளிற் சில. குடிசையின் அளவு, நூற்பவளின் உடல்வலிமை, அவள் குடும்பத்தின் பணமுடை ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பொருளுக்கு உருக் கொடுப்பதே வடிவமைப்பு. இதைவிடத் தெளிவாக அதை விளக்க இயலாது.

அந்தப் பரிசு எவருக்கும் கிட்டவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தபின், தமிழ்நாட்டவராகிய ஏகாம்பரநாதர் புதியதொரு ராட்டினத்தைச் செய்தார். அதுவே பின்னர்த் திருத்தங்கள் பெற்று, அவர் பெயரின் ஒரு பகுதியைத் தாங்கி, அம்பர் சர்க்கா எனத் தேசமெங்கும் பரவியது. இது நமக்குப் பெருமை தருவதே. எனினும் இதில் நாம் கற்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. லட்சம் ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மேதை பிறந்து வருவான் என்று காத்திருப்பது தேசத்துக்குக் கட்டுபடியாகாது. கண்ணையும் கையையும் இளமையிலேயே பழக்கினால் ஒருவர் தோன்றும் இடத்தில் நூற்றுவர் தோன்றுவர்.

பழக்கினால் பலன் உண்டு என்பதற்குச் சென்னையே சாட்சி. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-இல் தம் சொந்த முயற்சியால் இங்கே ஒரு சித்திரப் பள்ளியைத் தொடங்கினார். 1852-இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுவே. சென்ற நூற்றாண்டு பிறக்கும் முன்னரே, ஆல்பிரட் சாட்டர்டன் அப்பள்ளியின் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் ஒரு கம்பெனி அதை ஏற்று நடத்தும் அளவுக்கு அது வளர்ந்தது. சித்திரப் பள்ளி சோறு போடுமா என்று கேட்போருக்கு இதுவே விடை.

சுதந்திரம் பெற்றபின், சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதிகளை நம் சர்க்கார் அழைத்து யோசனை கேட்டது. 1958-இல் அவர்கள் அளித்த அறிக்கையில், இந்நாட்டில் தாம் கண்டு வியந்த பொருள்களுள் மிக அழகியது சாதாரணச் சொம்பே என்று எழுதினர். தலைமுறை தலைமுறையாகப் பெயரறியாத மக்கள் தேய்த்துத் திருத்தி அமைத்த வடிவம் அது. அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்றியது. சொம்பை உருவாக்கிய ஜனங்களின் சந்ததியார் அந்நிலையத்தில் எத்தனை பேர் நுழைய முடிகிறது? இதுவே நம் கேள்வி.

அங்கே சேர விரும்புவோர், கண்டதை ஊன்றி நோக்கி வரையும் திறனைச் சோதிக்கும் பரீட்சையில் தேற வேண்டும். நகரத்துச் செல்வர் பிள்ளைகள் தனிப் பயிற்சி நிலையங்களில் பொருள் கொடுத்துப் பழகிக்கொள்கின்றனர். கிராமத்துக் குயவர் மகளுக்கும் தச்சர் மகனுக்கும் கைத்திறன் குலதனமாக இருந்தும், அப்படியொரு படிப்பு உண்டு என்று சொல்வதற்கே ஆள் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் சித்திர உபாத்தியாயர்.

அவரை நாம் எவ்வாறு நடத்தியிருக்கிறோம்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளில் சித்திரத்துக்கும் கைத்தொழிலுக்கும் பகுதி நேரப் போதகர் போதும் என்று வகுத்துவிட்டது. அவ்வழியில் தமிழ்நாட்டில் 2012-இல் சித்திரம், உடற்பயிற்சி, தையல் முதலியவற்றைக் கற்பிக்க 16,000 பேருக்கு மேல் நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். படிப்படியாக உயர்ந்து 2024-இல் அது 12,500 ரூபாயை எட்டியது. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பதும், வேலை நிரந்தரம் இல்லை என்பதும் அவர்கள் பன்முறை வீதியில் நின்று முறையிட்ட குறைகள். அரை நாள் உபாத்தியாயரிடம் பிள்ளைகள் முழு வித்தையைப் பெறுவது எங்ஙனம்?

பணம் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு, கைத்தொழிலையே கல்வியின் நடுநாயகமாக வைக்க வேண்டும் என்று காந்தியடிகள் தலைமையில் தீர்மானித்தது. அன்று தேசம் இன்றைவிட ஏழ்மையில் இருந்தது. பணக்குறை அன்று தடையாகவில்லை. இன்று மாத்திரம் எப்படித் தடையாகும்? சித்திரத்துக்கு மார்க்கு இல்லை என்போரும் உளர். கண்ணால் அளக்கவும் கையால் திருத்தவும் அறியாத மாணவன், மார்க்கு எத்தனை வாங்கினாலும் பிறர் செய்த பொருளை விலைக்கு வாங்குபவனாகவே காலங்கழிப்பான்.

செய்ய வேண்டியவை பல அல்ல. உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் முழு நேரச் சித்திர உபாத்தியாயர் ஒருவர் நிலையாக இருக்க வேண்டும். பகுதி நேரத்தில் உழைத்துத் தேர்ந்தவர்களுக்கே அப்பதவியில் முதலிடம் தர வேண்டும். காகிதம், பென்சில், வாள், உளி ஆகியவற்றுக்குப் பள்ளிதோறும் ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். ஊரில் உள்ள தச்சரையும் நெசவாளரையும் கௌரவச் சம்பளம் கொடுத்து வகுப்புக்கு அழைக்க வேண்டும். வடிவமைப்பு நிலையங்களில் சேரத் தகுதி பெறும் ஏழைப் பிள்ளைகளின் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

ஊழியர்களாகிய நம் வாசகர்களுக்கும் இதில் கடமை உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, சித்திர உபாத்தியாயர் இருக்கிறாரா, எத்தனை நாள் வருகிறார், பிள்ளைகள் கையில் என்ன கருவி இருக்கிறது என்று விசாரியுங்கள். விவரங்களைத் திரட்டி உங்கள் சட்டசபை அங்கத்தினரின் முன் வையுங்கள். சுதேசிப் பொருளை வாங்குங்கள் என்று ஜனங்களிடம் கேட்டுப் பழகியவர்கள் நாம். அப்பொருள் வாங்கத் தக்கதாய் அமைய வேண்டுமானால், அதைச் செய்யப்போகும் பிள்ளைக்கு வரையக் கற்பிப்பவரை முதலில் காப்பாற்ற வேண்டும்.